கம்பெனி பஸ்ஸும் கோடம்பாக்கமும்

நாடகம் எழுதுகிறவளுக்கு எழுதுவது பாதி வேலைகூடக் கிடையாது. எழுதியதைப் பேச ஒரு ஆளைப் பிடித்து, அந்த ஆளின் வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கி, மேடை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் தொழில். சினிமாவில் இது அப்படியே தலைகீழ். பேசுவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், நாம் எழுதியதுதான் காணாமல் போயிருக்கும். இரண்டிலும் காலை வைத்துக்கொண்டு முழிப்பவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஒருத்தரும் வராமல், காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாருங்கள், பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது.

ஆண்டு விழா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் ஆண்டு விழா நடக்கும். பெண்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள், முதலாளி பரிசு கொடுப்பார், பிரியாணி போடுவார்கள். ஒரு வருஷம் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். எங்கள் சூப்பர்வைசர் ரஹீம் பாய் என்னிடம் வந்தார். "யம்மா வசந்தா, சாப்பாட்டு நேரத்துல எல்லாரப் போலவும் பேசிக் காட்டுறியே, அதையே மேடையில பண்ணேன்" என்றார். பண்ணினேன். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு ஒரு பெண் நிற்கிறாள். சூப்பர்வைசர் முதலில் போனில் இருக்கிறார், அப்புறம் டார்கெட் என்கிறார், அப்புறம் வெளிநாட்டுக்காரர் பார்க்க வருகிறார் என்கிறார். கடைசியில் "சரி போ" என்று சொல்லும்போது வீட்டுக்குப் போகிற மணி அடிக்கிறது. சூப்பர்வைசர் பேச்சு முழுக்க ரஹீம் பாய் பேசுவதுதான், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

முதலாளி உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஹீம் பாய் மட்டும் சிரிக்கவில்லை. கழிப்பறைக்குக் கேட்காமலே போய்வரலாம் என்று ஆனதெல்லாம் கொஞ்ச நாள் கழித்து. மறுநாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். பாய் நேராக என்னிடம் வந்து நின்றார். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தோல் வெட்டுகிற பகுதி அந்தக் கோடியில் இருக்கிறது, அங்கிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்: "நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் இன்னா அவ்ளோ சத்தமாவா பேசுறேன்?"

காவலுக்கு வந்தவர்

அடுத்து எழுதியது 'கம்பெனி பஸ்'. காலையில் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போகும் பஸ். உள்ளே ஒரு கர்ப்பிணிக்கு முடியவில்லை. நின்றால் கேட்டை மூடிவிடுவார்கள் என்று டிரைவர் நிறுத்த மாட்டேன் என்கிறார். யார் "நிறுத்து" என்று சொல்வது? ஒருத்தி சொல்கிறாள். பஸ் நிற்கிறது, எல்லாரும் அவளோடு இறங்குகிறார்கள். கதை அவ்வளவுதான். அந்த ஒருத்தியாக நடிக்க என் பக்கத்து மெஷின் தேவகியைத் தவிர வேறு யாரையும் நினைக்கவே முடியவில்லை. அவள் கணவர் குமாரோ ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சந்தேகப் பேர்வழி இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். அவர்கள் வீட்டுக்கு நான் நடந்த நடையில் அந்தத் தெரு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டன. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: ஒத்திகை நடக்கும்போது அவரும் கூடவே இருப்பார்.

வகுப்பறை ஒன்றில் ஒத்திகை. குமார் கதவோரம் பெஞ்சில், கையைக் கட்டிக்கொண்டு. டிரைவராக நடித்த பெண் பின்னால் திரும்பி நின்று பயணிகளோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். திடீரென்று கதவோரத்திலிருந்து சத்தம். "ரோட்டப் பாக்காம இப்டிப் பேசிக்கினே ஓட்டினா வண்டி பாலாத்துலதாம்மா போய் நிக்கும்." பயணிகளோடு வாதாடுகிற டிரைவர் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தானே பேச வேண்டும் என்று நான் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்துப் பேசலாமே என்றார் அவர். காட்டுங்கள் என்றேன். எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியை நிமிர்ந்து பார்த்து, இல்லாத கியரை மாற்றி, என் வசனத்தில் பாதியைச் சொந்தமாகவும் மீதியைத் திட்டாகவும் பேசி முடித்தார். பெண்கள் கைதட்டினார்கள். அந்த வேஷத்தை அவருக்கே கொடுத்தேன். காதெல்லாம் சிவந்துபோய் அவர் சொன்னது: "நான் நடிக்கலீங்க. எப்டிப் பேசுவோம்னு சும்மா சொன்னேன், அவ்ளோதான்."

மாமனாரிடம் இன்னா

'கம்பெனி பஸ்'ஸை ஊரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டோம். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்திருந்த ஒரு உதவி இயக்குநர் அதை நின்று பார்த்துவிட்டு, என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார். அவர்கள் படத்தின் கதைப்படி கதாநாயகன் வாணியம்பாடிப் பக்கத்துக்காரன். அவன் பேச்சைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் எழுதியும் கொடுக்க வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏசி அறை, எல்லார் கையிலும் டீ, நடுவில் கதாநாயகனாக நடிக்கிறவர். "இன்னா மாமா, இன்னா மேட்டரு?" என்று புது மாமனாரிடம் பேசுகிற காட்சியைப் பேசிக் காட்டினார். வரிக்கு வரி இன்னா. சரியா என்று என்னைப் பார்த்தார்கள்.

இல்லை என்றேன். அறையில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்தார்கள். எங்கள் ஊரில் இன்னா உண்டு, அது தோஸ்த்திடம், தம்பியிடம், பெண்டாட்டியிடம். மாமனார் வாசலில் வந்து நின்றால் எங்கள் ஊர் மாப்பிள்ளை மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுவான், அவ்வளவுதான் என்றேன். கதாநாயகன் நல்ல நடிகர். எழுந்து நின்று அதையே செய்தார், ஒரு வார்த்தை பேசாமல். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த காட்சியையும் அதற்கடுத்ததையும் இப்படியே பார்த்தோம். சாயங்காலம் இயக்குநர் வசனத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வசனம் எழுதக் கூப்பிட்டா, இருந்த வசனத்தையும் எடுத்துட்டீங்களேம்மா!"

படம் ஓடிய வேகம்

அந்தப் படம் ஆம்பூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தையல் லைனில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் மதிய ஆட்டத்துக்கு வந்தார்கள். ரஹீம் பாயும் குடும்பத்தோடு வந்திருந்தார். என் பெயர் வரும்போது விசிலடிப்பதென்று தேவகி இரண்டு விரலை வாயில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஆரம்பத்தில் பெயர்கள் போயின, என் பெயர் இல்லை. கடைசியில் வரும் என்றேன். லுங்கி இறக்குகிற காட்சிக்குத் தியேட்டரே ஆர்ப்பரித்தது. படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள், கூட்டம் எழுந்து போனது. நாங்கள் மட்டும் நின்றுகொண்டு, தலைகளுக்கு நடுவே பெயர்கள் மேலே ஏறுவதைப் படித்தோம். சாப்பாடு கொடுத்தவர் பெயர் வந்தது, ஜெனரேட்டர் கொடுத்தவர் பெயர் வந்தது. திரை வெள்ளையானது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அடுத்த படத்தில் பேரை எழுதி வாங்காமல் பேனாவைத் திறப்பதில்லை என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்தேன். தேவகி பக்கத்தில் மெதுவாக இறங்கி வந்தாள். வாயில் வைத்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எழுத்து ரொம்ப ஸ்பீடா போச்சுக்கா. நடுவுல உன் பேரும் போயிருக்கும், நமக்குத்தான் கண்ணுல படல."

டிரைவர்தான் ஹீரோ

அதே இயக்குநர் மறுபடியும் கூப்பிட்டார். பேர் விட்டுப்போனதற்கு வருத்தம் சொன்னார். 'கம்பெனி பஸ்'ஸையே படமாக எடுக்கலாம், முழு வசனமும் நீங்கள்தான் என்றார். கம்பெனி லீவு தரவில்லை. வேலையை விட்டேன். சென்னையில் தயாரிப்பாளர் கதையைக் கேட்டார், பாதியிலேயே உற்சாகமாகிவிட்டார். டிரைவர்தான் ஹீரோ என்றார். டிரைவர் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், கம்பெனிக்காரர்கள் அடியாட்களை அனுப்புகிறார்கள், டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி அடிக்கிறான். "பெண்கள் எல்லாரும் அப்போது என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டேன். "கைதட்டுறாங்க" என்றார்.

பல நாள் பேசிப் பார்த்தேன். டிரைவர் பாடட்டும், காதலிக்கட்டும், யாரை வேண்டுமானாலும் அடிக்கட்டும். பஸ்ஸை நிறுத்தச் சொல்வது மட்டும் அந்தப் பெண்ணாக இருக்கட்டும் என்றேன். அந்த ஒன்றைத்தான் அவர் தர மாட்டேன் என்றார். இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தாள்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "வேலைய விட்டுட்ட, படமும் வேணான்னு வந்துட்ட. நாடகமாவது இருக்குதா, அதையும் எவன்கிட்டயாவது குடுத்துட்டியா?"

நாட்றம்பள்ளி சம்பந்தம்

நாடகம் இருந்தது. வேலூரில் ஒரு நாடக விழாவுக்கு 'கம்பெனி பஸ்'ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய அரங்கம், வெளியூரிலிருந்தெல்லாம் நாடகக்காரர்கள் வருவார்கள். வேலையும் இல்லாமல் படமும் இல்லாமல் இருந்த எனக்கு அந்த ஒரு மேடைதான் மிச்சம். ஒத்திகை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது தேவகி ஒரு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் மகள் சந்தியாவுக்கு நாட்றம்பள்ளியில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. நல்ல பையன், சந்தியாவுக்கும் பிடித்திருந்தது. பையனின் சித்தப்பா மட்டும் தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: பெண்ணோட அம்மா மேடையேறி ஆடுறதெல்லாம் நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது.

"குமாரும்தானே நடிக்கிறார்?" என்றேன். "அவரு ஆம்பளையாம், பரவால்லையாம்" என்றாள். குமார் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, நானும் நடிக்கவில்லை என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தேவகியே சொல்லிவிட்டாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிட்டு ஒரு பஸ்ஸை நிறுத்துகிற நாடகம் போட எனக்கு மனசில்லை. ஆனால் நாடகத்தையும் கைவிடப் போவதில்லை என்று சொன்னேன். தேவகி தெருவரை வழியனுப்ப வந்தாள். பிறகு சொன்னாள்: "மேடையில நான் நிறுத்துன்னா வண்டி நிக்குதுக்கா. ஊரு ஓட்டுற இந்த வண்டிய யாரு நிறுத்துறது?"

நிறுத்து

தேவகி வேஷத்துக்கு மனப்பாடமாக வசனம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுதியவளாயிற்றே. ஆனால் மேடைக்கு ஓரத்தில் நின்று கிசுகிசுப்பாக வசனம் எடுத்துக் கொடுத்தே என் குரல் பழகிப்போயிருந்தது. பஸ் என்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். முன்னால் குமார், ஸ்டீயரிங்காக ஒரு பழைய சைக்கிள் டயர். திரையோரமாகப் பார்த்தேன். நாலாவது வரிசையில் தேவகி. பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. நாட்றம்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் டிபன் கடை வைத்திருக்கிற அம்மா. சம்பந்தி நடிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். அவர் சம்பந்தி என்று சொன்னது குமாரை.

நாடகம் நன்றாகவே போனது. கர்ப்பிணியாக நடித்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நான் எழுந்து நின்றேன். "வண்டிய நிறுத்துப்பா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. குமார் டயரைத் திருப்பிக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். அவர் கியர் மாற்றினார். சத்தமாகச் சொன்னால்தான் டிரைவர் நிறுத்துவான் என்று எழுதியவள் நான்தான். அந்த மனுஷர் எழுதியபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. பெண்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நாடகம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து வந்தது அந்தக் குரல். "யோவ்! நிறுத்துன்னு சொல்றால்ல, காது கேக்கல?"

குமாரின் கால் தானாகப் பிரேக்கில் போய் அழுந்தியது. நாற்காலிகளில் இருந்த அத்தனை பெண்களும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். பிரேக் போட்டால் அப்படித்தானே ஆகும். அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தேவகி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், தான் எழுந்ததே தெரியாமல். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். கல்யாணம் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள், நானும் அதைத்தான் நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் முழங்காலை ஒதுக்கி அவள் போக வழிவிட்டார். மைக் இல்லாமலே அந்த அம்மா சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது: "மேல போய்ப் பேசு சம்பந்தி. இங்க நின்னுக்கினு கத்தினா எனக்குக் காது அடைக்குது."

மீசை

தேவகி செருப்பை விட்டுவிட்டு மேடையேறினாள். நான் காலி நாற்காலியில் பயணியாக உட்கார்ந்துகொண்டேன், அவள் நாடகத்தை முடித்தாள். கல்யாணமும் நடந்தது, நாட்றம்பள்ளியில், விமரிசையாக. மேடையேறக் கூடாதென்று சொல்லி அனுப்பிய சித்தப்பாவைப் பந்தியில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். வேட்டியும் முறுக்கிய மீசையுமாக இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். என் இலைக்கு எதிரே நின்றவர் நகரவில்லை. ஏதோ சொல்லப்போகிறார், நானும் சொல்லிவிடுவது என்று கையைக் கழுவிக்கொண்டு தயாராக வந்தேன். என்னைத் தனியாக ஒரு தூண் பக்கம் கூப்பிட்டார், சுற்றுமுற்றும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்: "சினிமாவுல உங்களுக்கு ஆள் இருக்காங்களாமே மேடம். போலீஸ் வேஷம்னா நமக்கு நல்லா வரும். மீசையப் பாருங்க."

ரயில் என்றால் என்ன

வேலூர் நாடகத்தை அந்த இயக்குநரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியாது. வேறொரு தயாரிப்பாளரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். இந்தத் தடவை அவர் பேசுவதற்கு முன் நான் பேசினேன். படத்தில் என் பெயர் ஆரம்பத்திலேயே வர வேண்டும். நிறுத்தச் சொல்வது அந்தப் பெண்தான், டிரைவர் இல்லை, அவனுடைய அண்ணன் தம்பியும் இல்லை. அந்த வேஷத்துக்குத் தேவகியை ஒரு தடவையாவது நடிக்க வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேவகியைப் பேச வைத்துப் பதிவும் செய்தார். அவள் "யோவ்" என்றதும் ஒலிப்பதிவு செய்தவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் உட்கார்ந்து வசனம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே வகுப்பறையில் ஒத்திகை, இந்தத் தடவை குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு புது நாடகம். போன வாரம் ஒத்திகை நடுவே போன் வந்தது, இயக்குநர்தான். கதையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, உங்கள் மூன்று நிபந்தனையும் அப்படியே இருக்கிறது என்று சத்தியம் செய்தார். ஒரே ஒரு சின்ன விஷயம் என்றார். என்ன என்றேன். "பஸ்ஸுக்குப் பதிலா ரயில்னு வெச்சுக்கலாமாம்மா? ரயில்னா ஒரு பாட்டு எடுக்கலாம்."

நாடகம், சினிமா என்று இரண்டு தொழில் வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: ஒன்று இன்றைக்கு, நாளைக்கு என்று நம்மை வாசலில் நிற்க வைக்கிற நேரத்தில், நின்றபடியே இன்னொன்றை எழுதி முடித்துவிடலாம்.